குழந்தைகளின் காசநோய்: நோய்நிர்ணய முறைகளின் வரலாறு – ஒரு நோக்கு

ஒரு நோய்க்கு மக்கள் வழங்கும் பெயர், அந்நோயை அவர்கள் எவ்வாறு இனங்கண்டனர் என்பதையும் உணர்த்துவதுண்டு. காசநோய் என நாம் இன்று குறிப்பிடும் நோய்க்குச் சயரோகம், எலும்புருக்கி ஆகிய பெயர்களும் தமிழில் வழங்கி வந்துள்ளன. காசம் என்பது இருமல். சயம் என்பது தேய்வு. எலும்புருக்கி என்பது உடல் உருகி மெலியும் நிலையைச் சுட்டுவது. இவை யாவும் நோயாளியைக் கண்ணாற் கண்டு சூட்டிய பெயர்கள். நோய்க்குக் காரணமான கிருமியைப் பற்றிய செய்தி எதுவும் இவற்றில் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் கிருமி கண்டறியப்பட்டதும் இந்நிலை மாறியது. மெலிவையும் இருமலையும் கொண்டு நோயை ஊகித்த வைத்தியர், கிருமியையே காட்டி நோயை நிறுவும் வாய்ப்பினைப் பெற்றார். அன்று முதல் கிருமியைக் காட்டுதலே காசநோய்க்குரிய முதன்மையான சான்றாகக் கொள்ளப்பட்டு வருகின்றது.

இம்மாற்றத்தினால் வளர்ந்தோர் அடைந்த நன்மை பெரிது. ஆயின், குழந்தைகளின் நிலை வேறு. 2015ஆம் ஆண்டில் உலகெங்கும் பதினைந்து வயதுக்குட்பட்டோர் ஏறத்தாழ 2,39,000 பேர் காசநோயினால் இறந்தனர் என்பது 2017இல் வெளியான ஆய்வொன்றின் மதிப்பீடு. அவர்களுள் நூற்றுக்கு எண்பதின்மர் ஐந்து வயதை அடையாதவர். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் எவ்விதச் சிகிச்சையும் பெறாமலே இறந்தனர் என அம்மதிப்பீடு கூறுகின்றது. இந்நோய்க்கு மருந்தில்லாமையால் இவர்கள் இறக்கவில்லை. பலனளிக்கும் மருந்துகள் கண்டறியப்பட்டு அறுபது ஆண்டுகளுக்கு மேற் கழிந்த பின்னர் நிகழ்ந்த இறப்புகள் இவை. அக்குழந்தைகளுக்குக் காசநோய் உண்டென்பதே பெரும்பாலும் அறியப்படவில்லை. இந்நிலை எவ்வாறு தோன்றியது, அண்மைக் காலத்து மூலக்கூற்றுச் சோதனைகள் அதனை எவ்வளவு மாற்றியுள்ளன என்பனவற்றை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொக் வகுத்த சான்று

1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆந் திகதி பேர்லின் உடற்றொழிலியற் சங்கத்தின் கூட்டத்தில், காசநோய்க்குக் காரணமான கிருமியைத் தாம் கண்டறிந்துள்ளதாக ரொபேட் கொக் அறிவித்தார். மாந்தருள் ஏழில் ஒரு பங்கினர் இந்நோயினால் இறக்கின்றனர் என்ற கணக்கினை எடுத்துக்காட்டி நோயின் கொடுமையை அவர் உணர்த்தினார். இக்கிருமி மெழுகுத்தன்மை வாய்ந்த உறையினை உடையது. அதனால் எளிதிற் சாயமேறாதது. ஏறிய சாயமோ அமிலத்தினாற் கழுவியும் நீங்காதது. இப்பண்பினைப் பயன்படுத்தி எர்லிக் என்பார் அவ்வாண்டிலேயே சாயமேற்றும் முறையைத் திருத்தினார். அதனைத் தொடர்ந்து சீல், நீல்சன் ஆகிய இருவரும் செய்த திருத்தங்களுடன் அமைந்த முறை இன்றும் அவர்கள் பெயராலேயே வழங்குகின்றது.

இம்முறை எளிது, செலவும் குறைவு. நோயாளியின் சளியைக் கண்ணாடித் தகட்டிற் பூசிச் சாயமேற்றி, நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கினால் நீலநிறப் பின்னணியிற் சிவந்த கோல்களாகக் கிருமிகள் தோன்றும். மின்சாரமும் விலையுயர்ந்த கருவிகளும் இல்லாத இடங்களிலும் இதனைச் செய்தல் கூடும். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உலகின் வறிய நாடுகளிற் காசநோய்க் கட்டுப்பாடு இம்முறையையே நம்பி நின்றமைக்கு இவையே காரணங்களாம்.

எனினும் இம்முறை வெற்றிபெற இரு நிபந்தனைகள் நிறைவேறல் வேண்டும். நோயாளி தம் சுவாசப்பையிலிருந்து சளியை இருமி வெளிக்கொணரல் வேண்டும் என்பது ஒன்று. அச்சளியிற் கிருமிகள் மிகுதியாக இருத்தல் வேண்டும் என்பது மற்றையது. ஒரு மில்லிலீற்றர் சளியில் ஐயாயிரம் முதற் பத்தாயிரம் வரையான கிருமிகள் இருந்தாலன்றி நுணுக்குக்காட்டி அவற்றைக் காட்டுவது அரிது. வளர்ந்தோரிடத்து நோய் முற்றும்போது சுவாசப்பையின் இழையங்கள் சிதைந்து குழிகள் தோன்றுகின்றன. அக்குழிகளிற் கிருமிகள் கோடிக்கணக்கிற் பெருகி இருமலுடன் வெளிவருகின்றன. குழந்தையிடத்தோ நோயின் போக்கு வேறாக உள்ளது. சுவாசப்பையிற் சிறியதொரு புண்ணும் அதனையடுத்த நிணநீர் முடிச்சுகளில் வீக்கமும் தோன்றுவதே வழக்கம். குழிகள் தோன்றுதல் அரிது. ஆதலாற் கிருமிகளின் தொகையும் சிறிது. அன்றியும், சிறு குழந்தைக்குச் சளியை உமிழத் தெரியாது. தொண்டைக்கு வந்த சளியை அது விழுங்கிவிடுகின்றது. எனவே இரு நிபந்தனைகளும் குழந்தையிடத்து ஒருங்கே தவறுகின்றன. வளர்ந்தோரின் உடலுக்குப் பொருந்த அமைந்த ஒரு சான்றுமுறை எல்லா வயதினர்க்கும் உரிய அளவுகோலாகக் கொள்ளப்பட்டமையே பின்வந்த இடர்ப்பாடுகளுக்கெல்லாம் அடிப்படை எனலாம்.

தோலும் நிழலும்

குழந்தை வைத்தியர் இக்குறைபாட்டினை விரைவிலேயே உணர்ந்து, வேறு வழிகளை நாடினர். கொக் 1890இல் காசநோய்க்கு மருந்தென அறிவித்த ரியூபர்குலின் மருந்தாகப் பயன்படாது போயிற்று. எனினும், அதனை வேறொரு பணிக்குப் பயன்படுத்தலாம் என வியன்னாவின் குழந்தை வைத்தியரான கிளெமென்ஸ் வொன் பிர்க்கே 1907இற் காட்டினார். தோலைச் சிறிது கீறி அம்மருந்தை இட்டால், காசநோய்க் கிருமி முன்னரே புகுந்த உடலில் அவ்விடம் சிவந்து தடிக்கும். அடுத்த ஆண்டில் பிரான்சு நாட்டவரான சார்ள்ஸ் மன்ரூ அம்மருந்தை ஊசியினால் தோலினுள் ஏற்றும் முறையை வகுத்தார். இன்றும் வழக்கிலுள்ள மன்ரூ சோதனை இதுவே.

பிர்க்கேயின் சோதனை வியப்பான உண்மையொன்றை வெளிப்படுத்தியது. வியன்னா நகரக் குழந்தைகளிற் பெரும்பாலோர் பதின்பருவத்தை எய்துமுன்பே இக்கிருமியை உடலில் ஏற்றிருந்தனர். ஆயினும், அவர்களிற் பலர் நோயின் அறிகுறி எதுவுமின்றி வாழ்ந்தனர். கிருமி புகுதல் வேறு, நோய் தோன்றல் வேறு என்னும் வேறுபாடு இதனால் தெளிவாயிற்று. தோற் சோதனையின் எல்லையும் இதனாலேயே புலப்பட்டது. கிருமி புகுந்துள்ளதா என்ற வினாவுக்கு அது விடை தரும். குழந்தை இப்போது நோயுற்றுள்ளதா என்ற வினாவுக்கு விடை தராது. கடும் ஊட்டக்குறைவினாலோ நோயின் கடுமையினாலோ தளர்ந்த குழந்தையின் தோல் தடிக்காமலே போதலும் உண்டு. சோதனை மிகவும் வேண்டப்படும் குழந்தையிடத்தே அது பொய்க்கின்றது. பி.சி.ஜி. தடுப்பூசி பரவிய பின்னர் மற்றொரு சிக்கலும் சேர்ந்தது. அத்தடுப்பூசியும் தோலைத் தடிக்கச் செய்யும். 1949ஆம் ஆண்டு முதல் அத்தடுப்பூசியை வழங்கிவரும் எமது நாட்டில் இச்சிக்கல் வைத்திய மாணவர் யாவரும் அறிந்ததொன்றே.

1895இல் கண்டறியப்பட்ட எக்ஸ் கதிர் இரண்டாவது வழியினைத் திறந்தது. அந்நிழற்படங்களில் எதனைத் தேடுவது என்பதைப் பிணவறை ஆய்வுகளே கற்பித்தன. குழந்தைகளின் சுவாசப்பையிலுள்ள சிறு புண்ணுக்கும் அதனையடுத்த நிணநீர் முடிச்சின் வீக்கத்துக்கும் உள்ள தொடர்பினைப் பாரிஸ் நகரத்துப் பரோ 1876இலும், கூஸ் 1898இலும் எடுத்துக் கூறினர். ஒஸ்திரியரான அன்ரன் கோன் இறந்த குழந்தைகளின் உடல்களை விரிவாக ஆராய்ந்து 1912இல் வெளியிட்ட நூல் இதனை ஐயந்திரிபற நிலைநாட்டியது. அச்சிறு புண் இன்றும் கோன் புண் என்றே வழங்கப்படுகின்றது. எனினும், இறந்த உடலில் ஐயமின்றிக் காணப்பட்ட வீக்கம் உயிருள்ள குழந்தையின் நிழற்படத்தில் மங்கலானதொரு நிழலாகவே தோன்றியது. ஒரே படத்தை நோக்கும் இரு வல்லுநர் இருவேறு முடிவுகளைக் கூறுதல் இத்துறையில் அன்றும் இன்றும் இயல்பாகவே உள்ளது.

விழுங்கிய சளியைத் தேடல்

குழந்தை சளியை விழுங்குகின்றது என்பது ஒரு தடையாகவே கருதப்பட்ட காலத்தில், அதனையே ஒரு வழியாக்கியவர் பிரான்சு நாட்டு வைத்தியரான மெனியே ஆவார். விழுங்கப்பட்ட சளி இரைப்பையில் இருக்குமாதலின் அங்கே கிருமியைத் தேடலாம் என்பது 1898இல் அவர் வெளியிட்ட கருத்து. அக்கருத்து உடனே பரவவில்லை. 1927இல் அர்மான்-டெலில் அதனை மீண்டும் எடுத்துரைத்த பின்னரே இரைப்பை நீரைப் பெற்றுச் சோதிக்கும் முறை வைத்தியசாலைகளில் வழக்கிற்கு வந்தது.

இம்முறையினைக் குழந்தையின் நிலையிலிருந்து நோக்குதல் தகும். இரவிற் சேர்ந்த சளி உணவுடன் கலந்து செல்லாதிருத்தல் வேண்டுமாதலால் குழந்தை பட்டினியாக இருத்தல் வேண்டும். விடியற்காலையில், அது எழுந்து நடமாடுமுன்னர், மூக்கின் வழியே குழாயைச் செலுத்தி இரைப்பை நீரை எடுத்தல் வேண்டும். அடுத்தடுத்து மூன்று நாட்கள் இவ்வாறு செய்வதே முறை. இதற்காகக் குழந்தையும் தாயும் வைத்தியசாலையிலே தங்க நேரும். நாட்கூலிக்கு உழைக்கும் குடும்பமொன்றுக்கு மூன்று நாட்கள் என்பன சிறு செலவல்ல. இங்ஙனம் பெற்ற நீரிலும் கிருமிகள் சிலவே இருக்குமாதலால் நுணுக்குக்காட்டியினாற் பயன் சிறிது. கிருமியை வளர்த்துக் காண்டலே வழியாயிற்று. 1930களின் தொடக்கத்தில் லோவன்ஸ்ரைனும் ஜென்சனும் அமைத்த முட்டை கலந்த வளர்ப்பூடகம் இதற்குப் பெரிதும் உதவியது. ஆயின், இக்கிருமி மிக மெதுவாகப் பெருகுவது. முடிவு கிடைக்க மூன்று வாரங்கள் முதல் எட்டு வாரங்கள் வரை செல்லும். அத்துணை பாடுபட்டும், காசநோய் உண்டென வைத்தியர் கருதும் குழந்தைகளிற் பாதிக்கும் குறைந்தோரிடத்தே கிருமி வளர்ந்து சான்று தரும். இவ்வளர்ப்புச் சோதனையே எல்லாச் சோதனைகளையும் அளக்கும் உரைகல்லாக இன்றும் உள்ளது என்பதை மனங்கொள்ளல் வேண்டும். மூலக்கூற்றுச் சோதனைகளை மதிப்பிடும்போது இச்செய்தி முதன்மை பெறுகின்றது.

மருந்தும் காலமும்

நோய்நிர்ணயம் எத்துணை அவசரமானது என்பது மருந்தின் வரவால் மாறியது. ஸ்ரெப்ரோமைசின் 1943இல் கண்டறியப்பட்டது. ஐசோனையசிட் 1952இல் வழக்கிற்கு வந்தது. இவற்றுக்கு முன்னர் ஒரு குழந்தைக்குக் காசநோயினால் மூளை மென்சவ்வழற்சி ஏற்பட்டதென அறிதல், அக்குழந்தை இறக்கும் என அறிதலாகவே இருந்தது. மருந்து வந்தபின், காலத்தில் அறியப்பட்ட குழந்தை பிழைத்தது. காலந்தாழ்த்தி அறியப்பட்ட குழந்தை இறந்தது, அல்லது ஊனத்துடன் எஞ்சியது. நோய்நிர்ணயத்தில் நேரும் தாமதம் இறப்புக்குக் காரணமாதல் இவ்வாறே தொடங்கியது.

கிருமி புகுந்த பின்னர் எக்கட்டத்தில் எவ்வகை நோய் தோன்றும் என்பதனைக் கால அட்டவணையாக வகுத்து சுவீடன் நாட்டுக் குழந்தை வைத்தியர் ஆர்விட் வோல்கிரேன் 1948இல் வெளியிட்டார். மூளை மென்சவ்வழற்சி போன்ற கொடிய வடிவங்கள் கிருமி புகுந்த முதற் சில மாதங்களுக்குள்ளேயே தோன்றுகின்றன. மருந்தில்லாக் காலத்து ஏடுகளை மீளாராய்ந்தோர், முதலாண்டிற் கிருமி புகுந்த குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் நோயுற்றனர் எனக் கணித்துள்ளனர். வளர்ந்தோரிடத்து இவ்வீதம் மிகச் சிறிது. எனவே நோய் மிக விரைந்து பெருகும் வயதும், சான்று கிடைத்தற்கு மிக அரிய வயதும் ஒன்றேயாக உள்ளன. எட்டு வாரங்கள் காத்திருந்து பெறும் சான்று, ஒன்பது மாதக் குழந்தையைப் பொறுத்தவரை, பல வேளைகளிற் சான்றே அன்று.

கணக்கில் வாராதோர்

1993இல் உலக சுகாதார நிறுவனம் காசநோயினை உலகளாவிய அவசரநிலையாக அறிவித்தது. அதனைத் தொடர்ந்து பரவிய கட்டுப்பாட்டுத் திட்டம் சளியிற் கிருமி காணப்பட்டோரைக் கண்டறிந்து குணப்படுத்துவதை முதற் பணியாகக் கொண்டது. இதற்குத் தக்க நியாயமும் இருந்தது. சளியிற் கிருமி மிகுந்தோரே நோயைப் பரப்புவோர்; அவர்களைக் குணப்படுத்தினாற் பரவுதல் குறையும். பொருள் வசதி குன்றிய நாடுகளில் இத்திட்டம் பல இலட்சம் உயிர்களைக் காத்தது என்பதை மறுத்தல் இயலாது. ஆயின், இந்நியாயத்தில் குழந்தைக்கு இடமில்லாது போயிற்று. குழந்தை நோயைப் பரப்புவது அரிது. அதன் சளியிற் கிருமி காணப்படுவதும் அரிது. திட்டத்தின் வெற்றி கிருமி காணப்பட்டோரின் எண்ணிக்கையால் அளக்கப்பட்டமையால், குழந்தைகளை நாடுவோர்க்கு ஊக்கமும் இல்லாது போயிற்று. குழந்தைக் காசநோய்க்கெனத் தனி மதிப்பீடு உலக சுகாதார நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் முதன்முதலாக இடம்பெற்றது 2012ஆம் ஆண்டிலேயாகும். அவ்வறிக்கை ஆண்டுக்கு 4,90,000 குழந்தைகள் நோயுறுவதாகக் கூறிற்று. ஈராண்டுகளில் வேறு கணிப்பு முறைகளைக் கையாண்ட ஆய்வாளர் அத்தொகை பத்து இலட்சத்தை அண்மிப்பது எனக் காட்டினர். இரு மதிப்பீடுகளுக்கும் இடையிலான இவ்வேறுபாடே குழந்தைகள் எத்துணை தூரம் கண்ணுக்குத் தப்பியிருந்தனர் என்பதற்கு அளவாகும்.

இக்காலத்தில் ஊரக வைத்தியர்க்குத் துணையாயிருந்தவை புள்ளியிடும் அட்டவணைகளே. பப்புவா நியூகினியிற் பணியாற்றிய கீத் எட்வேட்ஸ் 1987இல் வெளியிட்ட அட்டவணை இவற்றுட் புகழ்பெற்றது. வீட்டிற் காசநோயாளர் உளரா, குழந்தையின் நிறை குன்றியுள்ளதா, நெடுநாட் காய்ச்சல் உண்டா என்பன போன்ற வினாக்களுக்குப் புள்ளி வழங்கி, கூட்டுத்தொகை ஓரளவை எட்டினாற் சிகிச்சை தொடங்குவர். தென்னாபிரிக்கப் பகுதிகளில் எச்.ஐ.வி. தொற்றுப் பரவியபோது இம்முறையும் தளர்ந்தது. நிறை குறைதலும் நெடுநாட் காய்ச்சலும் அத்தொற்றுக்கும் பொதுவான அறிகுறிகள். எது எந்நோய் எனப் பிரித்தறிதல் அரிதாகியது. புதியதொரு சான்றுக்கான தேவை இவ்வாறு முற்றியது.

மூலக்கூற்றுச் சோதனையின் தோற்றம்

டி.என்.ஏ. மூலக்கூற்றின் சிறியதொரு பகுதியைச் சோதனைக் குழாயிற் பன்மடங்காகப் பெருக்கும் பொலிமரேசுத் தொடர்த்தாக்க முறையைக் கரி முலிஸ் 1983இல் எண்ணினார். அதற்காக 1993இல் நோபெல் பரிசு பெற்றார். கிருமியை வளர்ப்பதற்கு மாறாக அதன் டி.என்.ஏ.யை மட்டும் பெருக்கினால் வாரங்கள் மணித்தியாலங்களாகும் என்பது காசநோய் ஆய்வாளர்க்கு உடனே தெளிவாயிற்று. 1980களின் இறுதியிலேயே இம்முயற்சி தொடங்கியது. எனினும், ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் முடிவுகள் மாறுபட்டன. ஒரு குழாயிலிருந்து மற்றொன்றிற்குத் தெறித்த அணுவளவு டி.என்.ஏ.யும் பெருகிப் பொய் முடிவினைத் தந்தது. தனித்தனி அறைகளும் தேர்ந்த பணியாளரும் இன்றி இச்சோதனை இயலாது என்ற நிலையே சில காலம் நீடித்தது.

மூன்று முன்னேற்றங்கள் இத்தடையை அகற்றின. முதலாவது, ரிபாம்பிசின் என்னும் முதன்மையான மருந்துக்கு எதிர்ப்புத் தோன்றுதல், கிருமியின் ஒரு பரம்பரையலகிலுள்ள சிறு பகுதியின் மாற்றங்களாலேயே பெரும்பாலும் நிகழ்கின்றது என்பது 1993இல் அறியப்பட்டமை. 81 இணைகள் மட்டும் கொண்ட அப்பகுதியைப் பெருக்கினால், கிருமி உண்டா என்பதையும் மருந்தினை எதிர்க்குமா என்பதையும் ஒருங்கே அறியலாம். இரண்டாவது, தேடிய மூலக்கூற்றுடன் இணைந்தால் மட்டும் ஒளிரும் மூலக்கூற்று விளக்குகளைத் தியாகி, கிரேமர் ஆகிய இருவரும் 1996இல் அமைத்தமை. மூன்றாவது, சோதனையின் எல்லாப் படிகளும் மூடப்பட்ட ஒரு சிறு பேழையினுள்ளேயே நிகழுமாறு அமைந்த கருவி. அமெரிக்காவில் 2001இல் அஞ்சல்வழி அந்திராக்ஸ் கிருமி பரப்பப்பட்ட பின்னர், அஞ்சல் நிலையங்களில் அக்கிருமியைக் கண்டறியவும் இக்கருவி பயன்படுத்தப்பட்டது. அதனைக் காசநோய்க்கு ஏற்றவாறு மாற்றும் பணியில், நியூ ஜேர்சி பல்கலைக்கழக ஆய்வாளரும், கருவியை ஆக்கிய நிறுவனமும், ஜெனீவாவில் நோயறி கருவிகளுக்கென அமைந்த நிறுவனமொன்றும் இணைந்தன. ஜீன் எக்ஸ்பேர்ட் என வழங்கும் கருவி இதுவே.

இதன் செயல்முறை எளிது. சளியுடன் ஒரு திரவத்தைக் கலந்து பதினைந்து நிமிடம் வைத்தாற் சளி இளகும், கிருமிகளும் மடியும். அதனைப் பேழையில் ஊற்றிக் கருவியில் வைத்தபின் மனிதர் செய்யவேண்டியது எதுவுமில்லை. கிருமிகள் வடிகட்டப்பட்டு, ஒலியலைகளால் உடைக்கப்பட்டு, அவற்றின் டி.என்.ஏ. பெருக்கப்பட்டு, இரு மணித்தியாலத்துக்குள் முடிவு கிடைக்கும். 2010இல் வெளியான ஆய்வில் வளர்ந்தோரிடத்து ஒரேயொரு சோதனை, நுணுக்குக்காட்டியிற் கிருமி தோன்றாத நோயாளருள் நூற்றுக்கு 72.5 பேரையும், கிருமி தோன்றியோருள் 98.2 பேரையும் கண்டறிந்தது. அவ்வாண்டு திசெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இதனை ஏற்றது. ஏழை நாடுகளுக்கான பேழையின் விலை 2012இல் 16.86 டொலரிலிருந்து 9.98 டொலராகக் குறைக்கப்பட்டது.

கேப் ரவுணிற் கிடைத்த விடை

இக்கருவி குழந்தைக்குப் பயன்படுமா என்ற வினாவுக்கு முதல் தெளிவான விடை தென்னாபிரிக்காவின் கேப் ரவுண் நகரிலிருந்து கிடைத்தது. அங்குக் குழந்தை வைத்தியர் ஹீதர் சாரும் அவர்தம் குழுவினரும் முன்னரே ஒரு பாதையை அமைத்திருந்தனர். உப்புநீர் ஆவியைச் சுவாசிக்கச் செய்து, மார்பினைத் தட்டிச் சளியைத் தளர்த்தி, தொண்டையிலிருந்து உறிஞ்சி எடுக்கும் முறையினைக் கைக்குழந்தைகளிடத்தும் கையாளலாம் என அவர்கள் காட்டினர். இங்ஙனம் ஒருமுறை பெற்ற சளி, மூன்று நாள் இரைப்பை நீருக்கு நிகரான பயன் தரும் என்பது 2005இல் அவர்கள் வெளியிட்ட முடிவு.

அதே நகரில் நுண்ணுயிரியலாளர் மார்க் நிக்கொலும் சாரும் பிறரும் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட 452 குழந்தைகளிடத்துப் புதிய கருவியைச் சோதித்து 2011இல் முடிவினை வெளியிட்டனர். வளர்ப்புச் சோதனையிற் கிருமி உறுதியான குழந்தைகளில், இரு சளி மாதிரிகளைக் கொண்டு கருவி கண்டறிந்தது நூற்றுக்கு 75.9 பேரை, நுணுக்குக்காட்டி கண்டறிந்தது 37.9 பேரை. நுணுக்குக்காட்டியினும் இருமடங்கு பயன்! வாரக்கணக்கிற் காத்திருந்த முடிவு ஒரே நாளிற் கிடைத்தது. 2013இல் உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கும் இதனைப் பரிந்துரைத்தது.

எனினும் இவ்வெண்களை ஊன்றி நோக்குதல் வேண்டும். பின்னர் வந்த பல ஆய்வுகளையும் தொகுத்து 2020இல் வெளியிடப்பட்ட மதிப்பீட்டின்படி, குழந்தையின் சளியில் இச்சோதனையின் கண்டறியும் திறன் நூற்றுக்கு ஏறத்தாழ 65. இது வளர்ப்புச் சோதனையை உரைகல்லாகக் கொண்ட கணக்கு. அவ்வுரைகல்லோ நோயுற்ற குழந்தைகளிற் பாதிக்கும் குறைந்தோரையே காட்டுவது என முன்னரே கண்டோம். விளக்கத்துக்காக, உண்மையிற் காசநோயுற்ற நூறு குழந்தைகளைக் கருதுவோம். வளர்ப்புச் சோதனை அவர்களில் நாற்பதின்மரைக் காட்டுமெனக் கொண்டால், கருவி காட்டுவது இருபத்தாறு பேரையே. எஞ்சிய எழுபத்துநான்கு குழந்தைகளின் தாளிலும் கிருமி இல்லை என்றே எழுதப்படும். கருவி நோய் உண்டெனக் கூறினால் அதனை நம்பலாம். பொய்யாக உண்டெனக் கூறுவது மிக அரிது. இல்லை எனக் கூறினால், அக்கூற்று குழந்தையைப் பற்றியதன்று. அன்று கிடைத்த மாதிரியைப் பற்றியது மட்டுமே.

இவ்வேறுபாடு மறக்கப்படும் இடத்திற் புதிய கருவியே தீங்காதலும் கூடும். முன்னர் நுணுக்குக்காட்டி இல்லை என்றபோது, அது வலுக்குன்றிய முறை என அறிந்த வைத்தியர் தம் மதியை நம்பிச் சிகிச்சை தொடங்கினார். விலையுயர்ந்த கருவி இல்லை என்னும்போது அதனை மீறும் துணிவு குறையக்கூடும். சான்றின் மதிப்பு உயர உயர, சான்றில்லாதவர் மீதான ஐயமும் உயர்தல் மனித இயல்பு.

மீண்டும் மெனியேயின் வழி

2017இற் பரிந்துரைக்கப்பட்ட அடுத்த தலைமுறைச் சோதனை, கிருமியின் டி.என்.ஏ.யிற் பலமுறை மீண்டுவரும் பகுதிகளையும் தேடுவது. முந்தைய சோதனைக்கு ஒரு மில்லிலீற்றரில் ஏறத்தாழ 130 கிருமிகள் தேவைப்பட்டன. இதற்கு 16 போதும். மிகச் சிறிய சுவடு மட்டும் தென்பட்டாலும் குழந்தையிடத்து அதனை நோய்க்குச் சான்றாகக் கொள்ளலாம் என்பது நிறுவனத்தின் வழிகாட்டல்.

இதனினும் குறிப்பிடத்தக்கது மாதிரியைப் பற்றிய மாற்றம். விழுங்கப்பட்ட சளி இரைப்பையோடு நின்றுவிடுவதில்லை, கிருமியின் டி.என்.ஏ. குடலைக் கடந்து மலத்திலும் எஞ்சுகின்றது. மலத்தை இக்கருவியிற் சோதிக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2020இல் ஏற்றது; 2022இன் வழிகாட்டியில் புதிய தலைமுறைச் சோதனைக்கும் அதனை விரித்தது. பயன் சளிக்குச் சற்றே குறைந்தது. ஆயின் குழாயில்லை, பட்டினியில்லை, வைத்தியசாலையிலே தங்குதல் இல்லை. தாய் கொண்டுவரும் சிறிதளவு மலமே போதும். 1898இல் மெனியே கூறிய கருத்து, நூற்றிருபது ஆண்டுகளின் பின்னர், தாய்க்கும் சேய்க்கும் துன்பமற்ற வடிவினைப் பெற்றது.

2022ஆம் ஆண்டின் வழிகாட்டி மற்றொரு வகையிலும் சிறப்புடையது. சோதனையில் கிருமி காணப்படாத குழந்தைக்கும் அறிகுறிகளையும் தொடர்பினையும் கொண்டு சிகிச்சையைத் தீர்மானிக்கும் படிமுறைகளை அது வகுத்தது. அவற்றுக்கு அடிப்படையான தரவுகள் பன்னிரண்டு நாடுகளின் 4,718 குழந்தைகளிடமிருந்து பெறப்பட்டவை. அவர்களுள் காசநோயுற்றோர் எனக் கொள்ளப்பட்ட 1,811 பேரில் கிருமிச் சான்று கிடைத்தோர் 541 பேர் மட்டுமே. ஏனைய 1,270 பேரும் சான்றின்றி அறியப்பட்டோர். கடுமையற்ற நோயுற்ற குழந்தைகளுக்கு ஆறு மாதச் சிகிச்சைக்குப் பதிலாக நான்கு மாதச் சிகிச்சை போதும் என நிறுவிய பரிசோதனையும் அவ்வாண்டிலேயே வெளியாயிற்று. உகண்டா, சாம்பியா, தென்னாபிரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளின் 1,204 குழந்தைகள் அதிற் பங்குகொண்டனர். அவர்களிலும் பெரும்பான்மையோர் கிருமிச் சான்று இல்லாதவரே. சான்றில்லாக் குழந்தையும் நோயாளியே என்னும் கொள்கை இவ்வாறு ஆய்வின் மதிப்பினைப் பெற்றது.

முடிவுரை

இதுகாறும் நோக்கியவற்றால் இரு செய்திகள் புலப்படுகின்றன. குழந்தைக் காசநோயின் நோய்நிர்ணயம் முன்னேறிய ஒவ்வொரு கட்டத்திலும், குழந்தையின் உடலியல்பை ஏற்று அதற்கேற்ற மாதிரியை நாடியோரே வழி கண்டனர் என்பது ஒன்று. பிர்க்கே தோலையும், மெனியே இரைப்பையையும், கேப் ரவுண் ஆய்வாளர் உப்புநீராவியையும் நாடினர். கருவியின் கூர்மை மட்டும் இதனைச் செய்திருக்க மாட்டாது. சான்று என்பது சிகிச்சைக்குத் துணையாக அமைய வேண்டுமேயன்றிச் சிகிச்சை பெறுவதற்கான தகுதிச்சீட்டாக மாறலாகாது என்பது மற்றையது.

எலும்புருக்கி எனப் பெயரிட்டோர் கிருமியை அறியார். எனினும் குழந்தையின் மெலிவை அவர்கள் கண்டனர். வீட்டில் இருமும் பெரியவர் உளரா, குழந்தையின் நிறை ஏன் ஏறவில்லை என்னும் வினாக்களைக் கருவி கேட்பதில்லை. அவற்றை வைத்தியரே கேட்டல் வேண்டும். இரு மணித்தியாலத்திற் கிடைக்கும் தாளில் இல்லை என்ற சொல்லைக் கண்டபின்னரும் குழந்தையை மீண்டும் ஒருமுறை நோக்கும் வைத்தியரை உருவாக்குவது, கருவிகளை வாங்குவதினும் கடினமான பணியாகும். அது வைத்தியக் கல்வியையும், அக்கல்வியை வழங்கும் பல்கலைக்கழகங்களையும் சார்ந்தது.